ஏர்கோனில் உட்கார்ந்து என்ன களைப்பு?

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. மலேசியாவில் இந்த வகையில் அதுவே முதலாவது. இன்று அங்கே சில்லு, சூரியத் தகடு, மின்சுற்றுப் பலகை என்று உலகம் முழுவதும் போகிற பொருள்கள் தயாராகின்றன. லூனாஸ், பாடாங் செராய், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். சிலர் அதே துறையில் பினாங்கிற்கு, பாலம் தாண்டிப் போய் வருகிறார்கள்.

நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்கலாம். டிப்ளோமாவோ பட்டமோ முடித்து, தோளில் பிடிபிடிஎன் கடனுடன், இளநிலைப் பொறியாளராகவோ நிரல் எழுதுபவராகவோ சேர்ந்து ஆறு மாதம், ஒரு வருடம் ஆகியிருக்கும். காலையில் கண் விழித்ததும் வயிற்றில் ஏதோ கனமாக உட்கார்ந்திருக்கிறது. கூட்டத்தில் வாய் திறக்கப் பயம். பக்கத்து மேசைக்காரர் பத்து நிமிடத்தில் முடிப்பது உங்களுக்கு அரை நாள் பிடிக்கிறது. எப்படியோ உள்ளே வந்துவிட்டோம், என்றைக்காவது ஒருநாள் கண்டுபிடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றுகிறது. வீட்டில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தால் பதில் தயாராக இருக்கிறது: “நாங்கல்லாம் விடியக்காலையில மரம் வெட்டப் போனோம். நீ ஏர்கோன்ல உக்காந்துகிட்டு என்னடா களைப்புங்கிற?”

அந்தக் கேள்வியைக் குறை சொல்வதற்கில்லை. நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பால் எடுத்து, வாளி சுமந்து நடந்த உடம்பு கேட்கிற கேள்வி அது. அதற்கு அறிவியலில் விடை இருக்கிறது. இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

உட்கார்ந்தே சிந்திக்கிற வேலை மூளையில் என்ன செய்கிறது என்று பாரிசில் ஓர் ஆய்வுக் குழு சோதித்தது. முடிவு 2022-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான சிந்தனை வேலையும், மற்றொரு பிரிவினருக்கு அதே நேரத்துக்கு எளிதான வேலையும் தரப்பட்டன. நாள் முடிவில், கடினமான வேலை செய்தவர்களின் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. திட்டமிடுவதற்கும் பொறுமையாக முடிவெடுப்பதற்கும் பொறுப்பான பகுதி அது. அவர்கள் உடனே கிடைக்கிற சின்னப் பலனையும், சிரமம் குறைந்த வழியையும் அதிகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லாம் தெரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் மூளைக் களைப்பு வெறும் சோம்பல் அல்ல, உடம்பில் நடக்கிற மாற்றம் என்பதற்கு அது நல்ல சான்று. மாலை ஆறு மணிக்கு மேல் நீங்கள் எழுதுகிற நிரலில் மறுநாள் காலை பிழைகள் வரிசையாகத் தெரிவது ஏன் என்றும் இதிலிருந்து ஊகிக்கலாம்.

ஒருநாள் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். நாம் பேச வந்தது போகாத களைப்பைப் பற்றி. 1974-இல் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், ஆர்வத்துடன் வந்த தொண்டர்கள் சில மாதங்களில் எரிந்து தீர்ந்தவர்களைப் போல ஆவதைக் கவனித்து எழுதினார். கலிஃபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் அதையே அளக்கும் வினாத்தாளை 1981-இல் வெளியிட்டார். அவர் மூன்று பக்கங்களைப் பார்த்தார். முதலாவது, சக்தி வற்றிப்போவது. இரண்டாவது, வேலையின் மீதும் அதில் உள்ள மனிதர்கள் மீதும் ஒரு வெறுப்பு, எதிலும் ஒட்டாத தன்மை. மூன்றாவது, நான் செய்வதில் ஒன்றும் உருப்படியில்லை என்ற எண்ணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலும் இந்த மூன்றையே சொல்கிறது. அங்கே இது நோய் என்று குறிக்கப்படவில்லை. நீண்ட காலம் சரியாகக் கையாளப்படாத வேலையிட அழுத்தத்தால் வருவது என்று குறிக்கப்பட்டுள்ளது. ‘வேலையிட’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறகு அதற்கு வருவோம்.

மூன்றாவது பக்கம்தான் புதிதாகச் சேர்ந்தவரை ஏமாற்றுகிறது. களைப்பின் ஓர் அறிகுறியே ‘எனக்குத் திறமையில்லை’ என்ற எண்ணம். ஆனால் அது அறிகுறி மாதிரி வருவதில்லை. உண்மை மாதிரி வருகிறது. காய்ச்சல் வந்தால் கஞ்சியும் கசக்கும். அதற்காகக் கஞ்சியைக் குறை சொல்ல மாட்டோம்.

சந்தேகம் களைப்பில்லாமலும் வரும். 1978-இல் அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும், படிப்பிலும் வேலையிலும் சாதித்த பெண்கள் பலர் தங்கள் வெற்றியை அதிர்ஷ்டம் என்றும் மற்றவர்களின் தவறான கணிப்பு என்றும் நம்புவதை விவரித்தார்கள். பாராட்டு வந்தால் ‘பாவம், ஏமாந்துவிட்டார்’ என்று நினைப்பார்கள். ஆண்களுக்கும் இது உண்டு என்பது பிறகு தெரிந்தது. குடும்பத்தில் முதல் ஆளாக ஒரு துறைக்குள் நுழைகிறவருக்கு இது கூடுதல் சுமை. தன்னைப் போன்ற ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை.

சரி, ஆனால் பக்கத்து மேசைக்காரர் உண்மையிலேயே வேகமாகச் செய்கிறாரே? செய்கிறார். காரணம் நீங்கள் நினைப்பது அல்ல.

1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் சதுரங்க வீரர்களைச் சோதித்தார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுவில் உள்ள பலகையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தார்கள். தேர்ந்த வீரர் பெரும்பாலான காய்களைச் சரியாக நினைவிலிருந்து வைத்தார். புதியவர் சிலவற்றைத்தான் வைத்தார். பிறகு அதே காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் இறைத்துக் காட்டினார்கள். இந்த முறை தேர்ந்தவரும் புதியவரும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். அதாவது, அவருக்கு நினைவாற்றல் கூடுதல் இல்லை. பல வருடம் பார்த்த அமைப்புகளை அவர் கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார். ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைக்கக்கூடியது நம் எல்லாருக்கும் ஏறக்குறைய நான்கு பொருள்கள்தான். உங்கள் மூத்த சகாவுக்கு ஒரு பொருள் என்பது நிரலின் ஒரு முழுப் பகுதி. உங்களுக்கு ஒரு பொருள் என்பது ஒரு வரி.

தோட்டத்திலும் இதேதான். புதிதாக உளி பிடித்தவர் பட்டையின் ஆழத்தை நினைத்து நினைத்து வெட்டுவார். கொஞ்சம் அசந்தால் மரத்தில் காயம். இருபது வருடம் வெட்டிய அம்மாவின் கை இருட்டிலும் தானாக நிற்கும். அம்மாவைப் பார்த்துப் புதியவர் ‘எனக்கு மூளை இல்லை’ என்று நினைத்திருந்தால் நிரை பாதியில் நின்றிருக்கும்.

இங்கே நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கே உரிய ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், இடைநிலைப்பள்ளியில் மலாய், வேலையில் ஆங்கிலம். கூட்டத்தில் ஒருவர் வேகமாகப் பேசும்போது, அந்த நான்கு இடங்களில் ஒன்றிரண்டை மொழியே எடுத்துக்கொள்கிறது. பதில் மனத்தில் இருக்கும். வாக்கியம் கட்டுவதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போய்விடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ‘தெரியவில்லை’ என்று தோன்றும். சில நாளில் உங்களுக்கே அப்படித் தோன்ற ஆரம்பிக்கும். கூட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய இரண்டு வாக்கியங்களை எழுதி வைத்துக்கொள்வது சின்ன விஷயம்தான், ஆனால் பலன் தரும். கூட்டம் முடிந்ததும் எழுத்தில் பதில் அனுப்புவதும் தவறில்லை.

தூக்கத்துக்கு வருவோம். சந்தேகம் வந்தவர் முதலில் கைவைப்பது அதில்தான். இரவு ஒரு மணி வரை படித்து ஈடுகட்டலாம் என்று நினைக்கிறோம். 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான பெரியவர்களைப் பதினான்கு நாள் தொடர்ந்து தினமும் நான்கு, ஆறு, எட்டு மணி நேரம் படுக்கையில் என்று பிரித்துத் தூங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தூங்காதவர்களின் கவனமும் நினைவும், ஒன்று அல்லது இரண்டு இரவு கண்ணே மூடாதவரின் அளவுக்குக் குறைந்திருந்தன. இன்னொரு முடிவு இதைவிட முக்கியம். அவர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. கொஞ்சம் தூக்கக் கலக்கம், மற்றபடி பழகிவிட்டது என்றார்கள். ஆக, தூக்கத்தைக் குறைத்து உழைக்கிறவர் மெதுவாகிறார். மெதுவானது தூக்கத்தால் என்று அவருக்குத் தெரியாது. திறமைக் குறைவால் என்று நினைக்கிறார். இன்னும் கொஞ்சம் தூக்கத்தைக் குறைக்கிறார். தொழிற்சாலையில் இரவு முறை வேலையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

பால்மரத்துக்கும் இதே கதை உண்டு. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு மரத்தைப் பொதுவாக ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். பால் என்பது மரத்துக்குள் தேங்கிக் கிடக்கிற குளம் அல்ல. பட்டையில் உள்ள பால்குழாய்கள், இலையிலிருந்து வருகிற சர்க்கரையைக் கொண்டு அதை மறுபடி உற்பத்தி செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அடிக்கடி வெட்டினாலும், பால் அதிகம் வடிய எத்திஃபான் என்ற மருந்தை அளவுக்கு மீறித் தடவினாலும், முதலில் வசூல் கூடும். பிறகு ஒருநாள் வெட்டிய கோட்டில் பாதி காய்ந்து கிடக்கும். அப்புறம் முழுவதும் காயும். மரம் பச்சையாகத்தான் நிற்கும், பால் வராது. வெட்டுவதை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் சில மரம் தேறும், சில தேறாது. உங்கள் மேசையில் இருக்கிற மூன்றாவது கோப்பியும், டின்னில் வருகிற சக்தி பானமும் எத்திஃபான் செய்கிற வேலையைத்தான் செய்கின்றன. இருப்பதை வேகமாக எடுக்க உதவும்; புதிதாக எதையும் உண்டாக்காது. மனிதர் மரம் அல்ல, ஒப்புமைக்கும் எல்லை உண்டு. ஆனால் ‘ஏர்கோனில் என்ன களைப்பு’ என்று கேட்கிற அப்பாவிடம் காய்ந்துபோன மரத்தைப் பற்றிப் பேசிப் பாருங்கள். ஆய்வு முடிவுகளைவிட அது அவருக்குச் சீக்கிரம் புரியும்.

ஓய்வு என்றால் என்ன என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஜெர்மானிய உளவியலாளர் சபீனா சொன்னென்டாக், 2007-இல் சார்லட் ஃபிரிட்ஸுடன் சேர்ந்து நான்கு வகை மீட்பைப் பிரித்தார். வேலையிலிருந்து மனம் விலகுவது, உடம்பு தளர்வது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றில் திறமை வளர்ப்பது, தன் நேரத்தைத் தானே முடிவு செய்வது. கைப்பேசியை மூன்று மணி நேரம் தள்ளிக்கொண்டு படுத்திருப்பதில் இரண்டாவது வேண்டுமானால் கொஞ்சம் கிடைக்கும். மற்றவை கிடைப்பது அரிது. கோவில் திருவிழாவுக்கு மேளம் பழகுவது, ஃபுட்சால் ஆடுவது, வீட்டுக்குப் பின்னால் வெண்டைக்காய் போடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும்.

மனம் விலகுவதற்கு நம் மாநிலத்தில் கூடுதல் இடைஞ்சல் ஒன்று உண்டு. கெடாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சனி, ஞாயிறு. நீங்கள் வெள்ளி, சனி ஓய்வெடுக்கிற இடத்தில் வேலை செய்தால் வெள்ளிக்கிழமை முழுவதும் தலைநகரத்திலிருந்து வாட்ஸ்அப் வந்துகொண்டே இருக்கும். நிறுவனம் சனி, ஞாயிறு முறையைப் பின்பற்றினால், வீட்டில் தம்பி தங்கையோ பிள்ளைகளோ ஞாயிறு காலை பள்ளிக்குப் போய்விடுவார்கள். குடும்பம் முழுவதும் சேர்ந்து வீட்டில் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளைக் காப்பாற்றுங்கள். எந்த மணி முதல் எந்த மணி வரை பதில் தருவீர்கள் என்று குழுவுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். சொல்லாமல் பதில் தராமல் இருப்பதுதான் சண்டையில் முடியும்.

முடியாத வேலை மனத்தில் ஓடிக்கொண்டே இருப்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இருவரின் 2011 ஆய்வில், முடிக்காத காரியம் அடுத்த வேலையில் குறுக்கிடுவது தெரிந்தது. அந்தக் காரியத்தை முடித்தால்தான் குறுக்கீடு நிற்கும் என்றில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று திட்டமாக எழுதினாலே நின்றது. எனவே கணினியை மூடுவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘நாளை எட்டரைக்கு, முதலில் இந்தக் கோப்பு, இந்த வரியிலிருந்து, இந்தச் சோதனை’ என்று எழுதுங்கள். ‘நாளை பார்க்க வேண்டும்’ என்பது திட்டம் அல்ல.

கேள்வி கேட்பதைப் பற்றி. நம்மில் பலர் கேட்டால் மானம் போய்விடும் என்று நாள் முழுவதும் தனியாகப் போராடுவோம். அரை மணி நேரம் முயன்று பாருங்கள். தீரவில்லை என்றால் மூன்று விஷயத்தை எழுதிக்கொண்டு போங்கள்: என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, இதுவரை என்னென்ன முயன்றேன். எழுதும்போதே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மீதிக்கு மூத்தவர் இரண்டு நிமிடத்தில் பதில் சொல்வார். கிடைத்த பதிலை ஒரு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே குறிப்பேட்டைப் புரட்டினால், அப்போது மலையாகத் தெரிந்த கேள்விகள் இப்போது சிரிப்பை வரவழைக்கும். சந்தேகத்துக்கு எதிராக உங்கள் கையெழுத்திலேயே ஒரு சாட்சி கிடைக்கும். பாராட்டையும் அதில் எழுதுங்கள், யார் எதற்குச் சொன்னார் என்பதோடு.

இதையெல்லாம் செய்தும் தேறாமல் போகலாம். அப்போதுதான் முதலில் சொன்ன ‘வேலையிட’ என்ற சொல் முக்கியமாகிறது. 1979-இல் ராபர்ட் கராசெக் காட்டியது இதுதான்: வேலைச் சுமை மட்டும் மனிதரை உடைப்பதில்லை. சுமை அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கிற இடத்தில்தான் பாதிப்பு அதிகம். இளநிலை ஊழியரின் இடம் பெரும்பாலும் அதுதான். மாஸ்லாக்கும் இதையே வேறு விதமாகச் சொல்லி வருகிறார். தனி மனிதரைத் தியானம் செய்யச் சொல்லி அனுப்புவதைவிட, சுமை, உரிமை, வெகுமதி, சக ஊழியர் உறவு, நியாயம், மதிப்பு ஆகியவற்றில் எது பொருந்தவில்லை என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். என் கருத்தும் அதுவே. மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் மூன்று பேர் வேலையை ஒருவர் செய்கிற இடத்தில் மூச்சைப் பயிற்றுவித்து என்ன ஆகும்?

தேர்ந்த நிறுவனங்கள் இதற்கு எண்ணிக்கையிலேயே வரம்பு வைக்கின்றன. 2016-இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட நூலில், அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் பொறியாளருக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டு சம்பவத்துக்கு மேல் வரக்கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். பிழை நடந்தால் ஆளைத் தேடாமல் காரணத்தைத் தேடும் முறையையும் விவரித்திருக்கிறார்கள். எனவே மேலாளரிடம் பேசும்போது ‘எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது’ என்று தொடங்க வேண்டாம். இரண்டு வாரம் குறித்து வைத்து, ‘பத்து வேலை நாளில் பதினேழு அவசர வேலை வந்தது, திட்டமிட்ட வேலையில் பாதிதான் முடிந்தது, இந்த இரண்டில் எதை முதலில் முடிக்கட்டும்?’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். முடிவை அது மேலாளரின் மேசைக்கு அனுப்பிவிடுகிறது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டப்படி வாரத்துக்கு உச்ச வரம்பு 45 மணி நேரம். அதற்கு முன் 48. மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட் வரை பெறுகிறவருக்கு அதற்கு மேல் செய்யும் வேலைக்கு மிகுதிநேரச் சம்பளம் உண்டு. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும்; மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

வேலையை விட்டுவிடலாமா? விடலாம், அது தோல்வி அல்ல. ஆனால் இரவு முறை முடிந்து வந்த காலையில் அந்த முடிவை எடுக்காதீர்கள். நான்கைந்து நாள் விடுப்பெடுத்து, நன்றாகத் தூங்கிய பிறகு யோசியுங்கள். தூங்கி எழுந்த பிறகும் அந்த இடத்தை நினைத்தால் மட்டும் வயிறு கனக்கிறது என்றால், இடத்தை மாற்றுவது நியாயம். எதை நினைத்தாலும் கனக்கிறது என்றால் விஷயம் வேறு. களைப்பு வேலையைச் சுற்றி நிற்கும். மனச்சோர்வு நோய் எல்லா இடத்திலும் பரவும். பிடித்த சாப்பாடு, நண்பர்கள், பாட்டு எதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்கவில்லை, அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வருகிறது என்றால், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். மனநிலையைக் கணிக்கும் வினாத்தாள் அங்கேயே உண்டு. அதோடு இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு, நீரிழிவு மூன்றும் இதே களைப்பைத் தரக்கூடியவை. நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பது தெரிந்ததே. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை 03-76272929 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

பெற்றோராக இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. பிள்ளை வேலை முடிந்து வந்து பேசாமல் அறைக்குள் போனால், சம்பளத்தையோ பதவி உயர்வையோ அப்போது கேட்க வேண்டாம். சாப்பாடு போட்டுவிட்டு, “இன்னைக்கு என்னய்யா வேலை?” என்று கேளுங்கள். சொல்வது பாதி புரியாது. பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருங்கள்.